பீர் வேஸ்ட், டிடிஜிஎஸ் போடும் மாடுகளுக்குத் தாது உப்புக் கணக்கு: எல்லையோரப் பண்ணைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, முதலமடை என்று பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் எங்கே போனாலும், கறவை மாடு வைத்திருக்கிற வீட்டில் ஒரு நீல டிரம் இருக்கும். அதில் பீர் வேஸ்ட். இப்போது அதற்குப் பக்கத்தில் டிடிஜிஎஸ் மூட்டையும் வந்துவிட்டது. பெட்ரோலில் எத்தனால் கலப்பது கூடக்கூட, மக்காச்சோளத்திலும் அரிசியிலும் எத்தனால் எடுக்கிற ஆலைகள் பெருகின. அங்கே மிச்சமாகிற சக்கைதான் டிடிஜிஎஸ். புண்ணாக்கு விற்கிற விலைக்கு இவை இரண்டும் பண்ணைக்காரருக்குப் பெரிய உதவி. போடக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தாராளமாகப் போடுங்கள்.

ஆனால் புரதத்தை மட்டும் பார்த்து வாங்குகிறோம். தாது உப்புக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. இந்தச் சக்கைகளில் பாஸ்பரஸ் கொட்டிக் கிடக்கிறது, கால்சியம் இல்லை என்றே சொல்லலாம், கந்தகம் மறைந்து உட்கார்ந்திருக்கிறது. இது தெரியாமல் பாஸ்பரஸ் டானிக்குக்குக் காசு கொடுத்துக்கொண்டே இருப்போம். மாடு கன்று போட்டதும் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடும், கிடாய்க்கு மூத்திரம் அடைக்கும், பசு சினை பிடிக்காமல் திரும்பத் திரும்ப ஊசிக்கு வரும். இதையெல்லாம் பெருமளவு தவிர்க்கலாம். ஒரு தராசும், ஒரு பேப்பரும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

முதலில்: லாரியில் வந்தது என்ன என்று கேளுங்கள்

"வேஸ்ட்" என்ற ஒரே பெயரில் நாலைந்து பொருள் விற்கிறது. ஒவ்வொன்றின் தாதுச்சத்தும் வேறு.

பீர் வேஸ்ட் என்பது முளைகட்டிய பார்லியைச் சுடுநீரில் ஊறவைத்துச் சாறு எடுத்தபின் மிஞ்சும் சக்கை. கஞ்சிக்கோடு பக்கமிருந்து ஈரமாகவே வருகிறது. தண்ணீரில் சீக்கிரம் கரையக்கூடிய பொட்டாசியமும் சோடியமும் சாறோடு போய்விடும். சோடியம் கிட்டத்தட்ட பூஜ்யம். உலர்ந்த எடையில் பாஸ்பரஸ் 0.6 சதவீத அளவில் இருக்கும், கால்சியம் 0.3 சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

மக்காச்சோள டிடிஜிஎஸ் வேறு கதை. மக்காச்சோளத்தில் மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து. ஈஸ்ட் அதைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடுகிறது. மிஞ்சுகிற மூன்றில் ஒரு பங்கில் புரதம், கொழுப்பு, தாது எல்லாம் ஏறக்குறைய மூன்று மடங்காகச் செறிந்துவிடும். மக்காச்சோளத்தில் 0.28 சதவீதம் இருந்த பாஸ்பரஸ், டிடிஜிஎஸ்ஸில் 0.8 சதவீதத்தைத் தாண்டும். கால்சியமும் மூன்று மடங்காகத்தான் ஆகிறது, ஆனால் மூலத்திலேயே ஒன்றும் இல்லாததால் மும்மடங்கானாலும் பயனில்லை. பூஞ்சை நஞ்சும் இதே கணக்கில் மூன்று மடங்காகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

அரிசி டிடிஜிஎஸ்ஸுக்கு மக்காச்சோள அட்டவணையைப் பார்க்காதீர்கள். ஆலைக்குப் போவது தீட்டிய நொய்யரிசி. அரிசியின் பாஸ்பரஸில் பெரும்பகுதி தவிட்டோடு ஏற்கெனவே போய்விட்டது. அதனால் புரதம் 40 சதவீதத்துக்கு மேல் இருந்தாலும் தாது அளவு ஆலைக்கு ஆலை மாறும். உமி கலந்திருந்தால் மணற்சத்துதான் கூடும்.

மரவள்ளித் திப்பியைச் சிலர் இந்தக் கூட்டத்தில் சேர்த்துப் பேசுகிறார்கள். அது வேறு. திப்பியில் மாவுச்சத்து மிஞ்சியிருக்கும், புரதமும் தாதுவும் மிகக் குறைவு. பீர் வேஸ்டுக்குப் பதில் திப்பி போட்டால் நீங்கள் போட்ட கணக்கு மொத்தமும் மாறிவிடும்.

கரும்புப் பாகிலிருந்து சாராயம் எடுக்கும் ஆலையின் கழிவுநீர் மாட்டுக்குத் தீவனமே இல்லை. அதில் பொட்டாசியம் மிக அதிகம், அதனால்தான் அதைச் சாம்பலாக்கிப் பொட்டாஷ் உரமாக விற்கிறார்கள். அந்த நீர் பாய்ந்த நிலத்தில் வளர்ந்த புல்லிலும் பொட்டாசியம் ஏறியிருக்கும். பொட்டாசியம் கூடினால் மாட்டின் வயிறு மெக்னீசியத்தை எடுத்துக்கொள்வது குறையும். உங்கள் பசுந்தீவனம் அப்படிப்பட்ட நிலத்திலிருந்து வருகிறதா என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஈரத்தைக் கழித்துவிட்டு எடை போடுங்கள்

பீர் வேஸ்டில் நீங்கள் காசு கொடுப்பதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். இறக்கியதும் டிரம்மின் நடுவிலிருந்து ஒரு கிலோ எடுங்கள். தார்ப்பாயில் மெல்லியதாகப் பரப்பி, நல்ல வெயிலில் இரண்டு நாள் காய வையுங்கள். கையில் அள்ளினால் உமி போல் சலசலவென்று உதிர வேண்டும். அப்புறம் நிறுத்துப் பாருங்கள். 220 முதல் 250 கிராம் நின்றால் நல்ல சரக்கு. 180க்கும் கீழே போனால் தண்ணீரை விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

லாரியின் அடியில் ஒழுகும் பழுப்பு நீரைப் பார்த்திருப்பீர்கள். அதில் கரைந்த புரதமும் பாஸ்பரஸும் கொஞ்சம் போகிறது. வடிந்த சரக்கு கெட்டியாக இருப்பதாலேயே அதைச் சத்தானது என்று முடிவு கட்ட வேண்டாம். இனி வரும் கணக்கு எல்லாமே இந்த உலர்ந்த எடையில்தான்.

ஒரு முறையாவது ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்

புத்தகத்து எண்கள் தொடக்கத்துக்குத்தான் உதவும். டிடிஜிஎஸ்ஸில் கந்தகம் 0.3 சதவீதத்திலும் கிடைக்கும், 1 சதவீதத்திலும் கிடைக்கும். புளிப்பைச் சரிக்கட்டவும், குழாய்களைக் கழுவவும் ஆலைகள் கந்தக அமிலம் பயன்படுத்துவதுதான் காரணம். எந்த ஆலை எவ்வளவு ஊற்றுகிறது என்பதை மூட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மாதிரி எடுக்கும்போது ஒரே மூட்டையின் வாயிலிருந்து எடுக்காதீர்கள். பத்து மூட்டையில் கைவிட்டு, மேலே, நடுவே, அடியிலே என்று எடுத்துக் கலந்து, அரைக்கிலோ பொட்டலம் கட்டுங்கள். ஈரச் சரக்கானால் காற்றுப் புகாத உறையில் போட்டு அன்றைக்கே கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புளித்து மாறிவிடும். எல்லையோரத்துக்காரர்களுக்கு மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரி ஒரு பக்கம், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இன்னொரு பக்கம்.

"புரதம் மட்டும் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். உலர்பொருள், கால்சியம், பாஸ்பரஸ், கந்தகம், அமிலத்தில் கரையாத சாம்பல், அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு ஆகியவற்றைக் கேளுங்கள். அமிலத்தில் கரையாத சாம்பல் என்றால் மணலும் உமியும் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதற்கான அளவு. அஃப்ளடாக்சின் பி1, மாட்டுத் தீவனத்தில் 20 பிபிபிக்கு (நூறு கோடியில் 20 பங்கு) மேல் போகக் கூடாது. கைச்செலவு கொஞ்சம் ஆகும். நாலு வீட்டார் ஒரே வியாபாரியிடம் வாங்கினால், பால் சொசைட்டி மூலமாகச் சேர்ந்து ஒரு மாதிரி அனுப்பிப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

இருப்பது வேறு, உடம்பில் சேர்வது வேறு

ஆய்வறிக்கையில் வருவது மொத்த அளவு. அதில் மாட்டின் ரத்தத்துக்குப் போய்ச் சேர்வது ஒரு பங்குதான், அந்தப் பங்கு ஒவ்வொரு தாதுவுக்கும் வேறு. புல்லில், வைக்கோலில் உள்ள கால்சியத்தில் சுமார் 30 சதவீதம்தான் உடம்பில் சேரும் என்று கணக்கு வைக்கிறார்கள். சுண்ணாம்புக்கல் தூளில் உள்ள கால்சியம் என்றால் 70 சதவீதம் வரை. துத்தநாகத்தில் 15 சதவீதம், செம்பில் 4, 5 சதவீதம்தான். மாங்கனீசில் ஒரு சதவீதம்கூட இல்லை.

பாஸ்பரஸ் விஷயம் சுவாரசியமானது. தானியத்தில் உள்ள பாஸ்பரஸில் மூன்றில் இரண்டு பங்கு ஃபைட்டேட் என்ற பூட்டுக்குள் இருக்கிறது. அதைத் திறக்கும் நொதியின் பெயர் ஃபைட்டேஸ். பன்றிக்கும் கோழிக்கும் சொந்தமாக அது போதாது. அசைபோடும் பிராணிகளுக்குக் கவலை இல்லை, முதல் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்களே அந்தப் பூட்டைத் திறந்துவிடும். ஆலையில் நொதிக்கும்போது ஈஸ்ட்டும் தன் பங்குக்குக் கொஞ்சம் திறந்துவிடுகிறது. அதனால் மக்காச்சோளத்தில் உள்ள பாஸ்பரஸில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் செரிக்கும் பன்றி, டிடிஜிஎஸ்ஸில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கைச் செரித்துக்கொள்ளும்.

இன்னொன்று. அதிகச் சூட்டில் காய்ந்து கறுத்த டிடிஜிஎஸ்ஸில் லைசின் என்ற அமினோ அமிலம் கருகிவிடும், ஆனால் கோழிகளில் சோதித்தபோது அதிலுள்ள பாஸ்பரஸ் கூடுதலாகவே உடம்பில் சேர்ந்திருக்கிறது. பொன்னிறச் சரக்கைத் தேடி வாங்குவது புரதத்துக்காக. தாதுவுக்கும் புரதத்துக்கும் நிறம் ஒரே சாட்சி சொல்லாது.

ஆக, மாட்டைப் பொறுத்தவரை இந்தச் சக்கைகளின் பாஸ்பரஸ் நன்றாகவே சேர்கிறது. "தானியப் பாஸ்பரஸ் மாட்டுக்குச் சேராது, தனியாகக் கொடுங்கள்" என்று யாராவது டானிக் விற்றால் நம்ப வேண்டாம்.

இப்போது கணக்கு

400 கிலோ எடையுள்ள, நாளுக்கு 10 லிட்டர் கறக்கும் கலப்பினப் பசுவை எடுத்துக்கொள்வோம். உடம்பைப் பராமரிக்க 16 கிராம் கால்சியம், 11 கிராம் பாஸ்பரஸ். ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் சுமார் 3.2 கிராம் கால்சியம், 2 கிராம் பாஸ்பரஸ். கூட்டினால் ஒரு நாளைக்குக் கால்சியம் 48 கிராம், பாஸ்பரஸ் 31 கிராம் தேவை.

நம் பக்கத்தில் வழக்கமாகப் போடும் தீவனம் இப்படி இருக்கும். எண்கள் கிராமில், முழு எண்ணுக்கு நெருக்கிப் போட்டவை.

வைக்கோல் 4 கிலோ: கால்சியம் 7, பாஸ்பரஸ் 3
கோ-4 புல் 15 கிலோ: கால்சியம் 12, பாஸ்பரஸ் 7
பீர் வேஸ்ட் 10 கிலோ: கால்சியம் 7, பாஸ்பரஸ் 13
அரிசித் தவிடு 2 கிலோ: கால்சியம் 2, பாஸ்பரஸ் 25
மக்காச்சோள டிடிஜிஎஸ் 1 கிலோ: கால்சியம் 1, பாஸ்பரஸ் 7

மொத்தம் கால்சியம் 29, பாஸ்பரஸ் 55. கால்சியத்தில் 19 கிராம் குறைவு, பாஸ்பரஸில் 24 கிராம் அதிகம். கால்சியம் பாஸ்பரஸைவிடக் கூடுதலாக இருக்க வேண்டிய இடத்தில், பாதியாக இருக்கிறது. மாடு என்ன செய்யும்? பாலில் லிட்டருக்கு 1.2 கிராம் கால்சியம் போய்த்தான் ஆக வேண்டும். அதை எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. பாலும் கொஞ்ச காலம் குறையாது. அடுத்த ஈற்றில்தான் தெரியும்.

இதில் கோ-4, சூப்பர் நேப்பியர் வகைப் புற்களின் ஆக்சலேட்டையும் சேர்த்துப் பாருங்கள். இந்தப் புற்களில் உலர்ந்த எடையில் 2 முதல் 3 சதவீதம் வரை ஆக்சலேட் இருக்கும், இளம் புல்லில் இன்னும் கூட இருக்கலாம். ஒரு கிராம் ஆக்சாலிக் அமிலம் 0.44 கிராம் கால்சியத்தைப் பிடித்துக் கட்டிப்போடும். பழகிய மாட்டின் வயிற்று நுண்ணுயிர்கள் இதில் நிறையவே உடைத்துவிடும் என்பது ஆறுதல். ஆனாலும் முழுக் கட்டும் அவிழும் என்று நம்பிக் கணக்கு போடக் கூடாது. 45 நாள் ஆன புல்லை அறுப்பது நல்லது. மழைக்குப் பிறகு குபுகுபுவென்று வந்த பிஞ்சுப் புல்லை மட்டுமே நிறையப் போடாதீர்கள்.

ஈடுகட்டுவது எப்படி

பெரும்பாலோர் நேராக டிசிபி, அதாவது டைகால்சியம் பாஸ்பேட், வாங்கப் போகிறார்கள். டிசிபியில் 23 சதவீதம் கால்சியம், கூடவே 18 சதவீதம் பாஸ்பரஸ். 100 கிராம் போட்டால் கால்சியம் 52 ஆகும், பாஸ்பரஸ் 73க்கு ஏறும். ஏற்கெனவே வழிகிறதில் இன்னும் ஊற்றுகிறோம், அதற்கு விலையும் அதிகம். பீர் வேஸ்ட், தவிடு, டிடிஜிஎஸ் மூன்றும் போடும் வீட்டில் டிசிபிக்கு வேலை இல்லை.

வேண்டியது சுண்ணாம்புக்கல் தூள். தீவனக் கடைகளில் கால்சைட் என்றோ, எல்எஸ்பி என்றோ கேட்டால் கிடைக்கும். தீவனத் தரத்தில் மாவு போல் அரைத்ததாக இருக்க வேண்டும். கால்சியம் 36 முதல் 38 சதவீதம். 100 கிராமில் 37 கிராம் கால்சியம், பாஸ்பரஸ் இல்லை.

பெரியவர்கள் சுண்ணாம்புத் தெளிநீர் கொடுப்பார்கள். நல்ல நோக்கம்தான், ஆனால் தண்ணீரில் சுண்ணாம்பு மிகக் குறைவாகவே கரையும். ஒரு லிட்டர் தெளிநீரில் ஒரு கிராம் கால்சியம்கூட இல்லை. 19 கிராம் குறையை அதை வைத்து நிரப்ப முடியாது. வெள்ளையடிக்கிற சுண்ணாம்பைக் கலக்கி அப்படியே ஊற்றினாலோ வாயும் குடலும் வெந்துவிடும். வேண்டாம்.

சரி, தீவனத்தைத் திருத்துவோம். தவிட்டில் ஒரு கிலோவைக் குறைத்து, அந்த இடத்தில் மக்காச்சோள மாவு ஒரு கிலோ. பாஸ்பரஸ் 55இலிருந்து 46க்கு இறங்கும், கால்சியம் 28. வேலியோரத்துக் கிளைரிசிடியா, அகத்தி, சவுண்டல் தழைகளில் மூன்று கிலோ. பயறு வகைத் தழைகளில் கால்சியம் அதிகம், இதிலேயே 12 கிராம் கிடைக்கும், பாஸ்பரஸ் ஓரிரு கிராம்தான். நம் பக்கத்தில் சீமக்கொன்னை என்று சொல்வதும் கிளைரிசிடியாதான். கொஞ்சம் வாட வைத்துப் போட்டால் விரும்பித் தின்னும். அதோடு சுண்ணாம்புக்கல் தூள் 100 கிராம், தாது உப்புக் கலவை 50 கிராம்.

தாது உப்புக் கலவை வாங்கும்போது பையில் ஐஎஸ் 1664 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா பாருங்கள். அந்தத் தரத்தில் கால்சியம் 20, பாஸ்பரஸ் 12 சதவீதம். 50 கிராமில் 10 கிராமும் 6 கிராமும் வரும். இப்போது மொத்தம் கால்சியம் 87, பாஸ்பரஸ் 54. ஒன்றரைக்கு ஒன்றுக்கு மேலே வந்துவிட்டது. பாஸ்பரஸ் இன்னும் தேவைக்கு மேல்தான், அது சாணத்தோடு தென்னைக்குப் போகட்டும். கால்சியம் தேவைக்குக் கூடுதலாக இருப்பது ஆக்சலேட் தின்றது போக மிஞ்சுவதற்காக.

இந்தத் தூளைத் தொட்டியின் மேல் தூவிவிட்டுப் போகாதீர்கள். மாடு ஊதித் தள்ளிவிடும், அல்லது அடியில் படிந்துவிடும். ஈரமான பீர் வேஸ்டில் தூவிக் கையால் புரட்டிப் பிசைந்தால் ஒட்டிக்கொள்ளும். தொட்டியின் அடியில் வெள்ளைப் படிவு இருக்கிறதா என்று மறுநாள் காலையில் விரலால் தடவிப் பாருங்கள். படிந்திருந்தால், நீங்கள் போட்டது மாட்டுக்குள் போகவில்லை.

கந்தகமும் போர்வெல் தண்ணீரும்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள், உயிர்ச்சேதம் நடப்பது இங்கேதான்.

மாட்டுக்குக் கந்தகம் வேண்டும், உலர் தீவனத்தில் 0.2 சதவீதம். புல்லும் வைக்கோலும் நிறையத் தின்னும் மாடு 0.5 சதவீதம் வரை தாங்கும். அடர்தீவனம் நிறையத் தின்னும் மாட்டுக்கு 0.3 சதவீதமே எல்லை. அதைத் தாண்டினால் முதல் வயிற்றில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கூடும். மாடு ஏப்பம் விடும்போது அதையே மூச்சில் இழுக்கும். மூளை கெட்டுப்போகும் நோய் வருவது இப்படித்தான். புதுத் தீவனம் தொடங்கிய முதல் சில வாரங்களில் அபாயம் அதிகம்.

தீவனத்தில் மட்டும் கணக்குப் பார்த்தால் போதாது, தண்ணீரையும் சேர்க்க வேண்டும். நம் கிழக்குப் பக்கம் மழை மறைவுப் பகுதி. ஆளியாறு தண்ணீர் வராத மாதங்களில் ஆழ்துளைக் கிணறே கதி, சில கிணறுகளில் உப்பும் கடினத்தன்மையும் ஏறியிருக்கும். சல்பேட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு கந்தகம். லிட்டருக்கு 1000 மில்லிகிராம் சல்பேட் உள்ள தண்ணீரை மாடு 50 லிட்டர் குடித்தால், 17 கிராம் கந்தகம் தண்ணீரிலேயே போகும்.

மேலே முதலில் சொன்ன, திருத்துவதற்கு முந்தைய தீவனத்துக்கே பார்ப்போம். மொத்த உலர் எடை 11.5 கிலோ. டிடிஜிஎஸ் ஒரு கிலோ, அதில் கந்தகம் 0.6 சதவீதம் என்றால் 5 கிராம். பீர் வேஸ்டில் 7 கிராம். மற்றதில் சுமார் 13. ஆக 25 கிராம், அதாவது 0.22 சதவீதம். பிரச்சினை இல்லை. அந்த உப்புத் தண்ணீர் சேர்ந்தால் 42 கிராம், 0.36 சதவீதம். 0.5 என்ற எல்லையை நெருங்குகிறோம். விலை குறைந்ததே என்று தவிட்டையும் நிறுத்திவிட்டு டிடிஜிஎஸ் மூன்று கிலோ போடுகிறீர்கள், அந்தச் சரக்கில் கந்தகம் 1 சதவீதம் என்று வையுங்கள். டிடிஜிஎஸ்ஸிலேயே 27 கிராம், எல்லாம் சேர்த்து 60ஐத் தாண்டும். 0.5 சதவீதத்துக்கும் மேலே. நல்ல தண்ணீர் குடிக்கும் பக்கத்து வீட்டு மாடு அதே மூட்டையைத் தின்று நன்றாக நிற்கும், உங்கள் மாடு விழும்.

கிணற்றுத் தண்ணீரை ஒரு கோடையில், ஒரு மழைக்காலத்தில் என்று சல்பேட்டுக்குப் பரிசோதியுங்கள். கேரள நீர் ஆணையத்தின் தரப் பரிசோதனைக் கூடங்களில் செய்துகொடுப்பார்கள். ஃபுளோரைடையும் சேர்த்தே கேளுங்கள், பாலக்காட்டின் கிழக்குப் பகுதி நிலத்தடி நீரில் அது கூடுதலாக இருப்பது தெரிந்த விஷயம். இதனாலேயே தரமில்லாத ராக் பாஸ்பேட் கலந்த மலிவுத் தாதுக் கலவைகளை இந்தப் பக்கம் வாங்கவே கூடாது. அதில் ஃபுளோரைடு இன்னும் ஏறும், அது எலும்பிலும் பல்லிலும் சேர்ந்துகொண்டே போகும்.

எப்போது டாக்டரைக் கூப்பிட வேண்டும்? மாடு கண் தெரியாதது போல் தூணில் முட்டுகிறதா, தலையைச் சுவரில் அழுத்தி வைத்துக்கொண்டு நிற்கிறதா, வானத்தைப் பார்ப்பது போல் கழுத்தை வளைக்கிறதா, வட்டமடிக்கிறதா, வலிப்பு வருகிறதா? ஏதாவது ஒன்று தெரிந்தாலும் டிடிஜிஎஸ்ஸை அந்த நிமிடமே நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். புதுச் சரக்கு எப்போது தொடங்கியது, எவ்வளவு போட்டீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். தயமின் (வைட்டமின் பி1) ஊசியைச் சீக்கிரம் போட்டால் பிழைக்க வாய்ப்பு உண்டு. வெறிநாய்க்கடி நோயிலும் இப்படிப்பட்ட அறிகுறிகள் வரலாம் என்பதால் வாய்க்குள் வெறும் கையை விடாதீர்கள்.

செம்பு, துத்தநாகம், உப்பு

கந்தகம் கொல்லாத அளவில் இருந்தாலும் சும்மா இருக்காது. வயிற்றுக்குள் செம்பைப் பிடித்துக்கொள்ளும், மாலிப்டினமும் சேர்ந்தால் கட்டு இன்னும் இறுகும். ஏற்கெனவே நூற்றில் நாலைந்து பங்குதான் சேர்கிற தாது அது. செவலை மாட்டின் நிறம் வெளிறி, கறுப்பு மயிர் துருப்பிடித்த பழுப்பாகி, கண்ணைச் சுற்றிக் கண்ணாடி போட்டதுபோல் வெளுத்தால் செம்புக் குறையைச் சந்தேகப்படலாம். சினை பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். டிடிஜிஎஸ் தொடர்ந்து போடும் வீட்டில் தாது உப்புக் கலவையை விடவே கூடாது என்று நான் வற்புறுத்துவது கால்சியத்துக்காக அல்ல, இந்தச் செம்புக்கும் துத்தநாகத்துக்கும்தான்.

பீர் வேஸ்டில் சோடியம் இல்லை என்று சொன்னேன். கறவை மாட்டுக்குத் தினம் 30 கிராம் கல்லுப்பு சேருங்கள். டிடிஜிஎஸ்ஸில் சோடியம் ஆலைக்கு ஆலை மாறும், ஆனாலும் ஒரு கிலோ அளவுக்கு இந்த 30 கிராமைக் குறைக்க வேண்டியதில்லை.

ஆடு, பன்றி, கோழி

கிடாய்க்குத்தான் பாஸ்பரஸ் எமன். ஓணத்துக்கும் பக்ரீத்துக்கும் கொழுக்க வைக்கிற காயடித்த கிடாய்க்குத் தவிடும் டிடிஜிஎஸ்ஸும் மட்டுமே போட்டால், மிஞ்சிய பாஸ்பரஸ் மூத்திரத்தில் இறங்கிக் கல்லாகும். முன்தோல் மயிரின் நுனியில் உப்புக் குருணை போல் வெள்ளையாக ஒட்டியிருப்பதை விரலால் நெருடிப் பார்த்தால் தெரியும். அது முன்னறிவிப்பு. கிடாய் முக்கிக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டு, சொட்டுச் சொட்டாக விட ஆரம்பித்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஆட்டுக்குக் கால்சியம் பாஸ்பரஸைப் போல் இரண்டு மடங்கு இருக்கட்டும். அடர்தீவனத்தில் டிடிஜிஎஸ் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். தழை நிறைய, உப்பு கொஞ்சம், நல்ல தண்ணீர் எப்போதும்.

செம்மறி வைத்திருப்பவர்கள் மாட்டுக்கான தாதுக் கலவையைக் கொடுக்காதீர்கள். செம்மறியின் ஈரல் செம்பை வெளியேற்றத் தெரியாமல் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஸ்காட்லாந்தில் விஸ்கி காய்ச்சுவது செம்புப் பாத்திரத்தில், அந்த ஆலைகளின் கழிவில் கரைந்து வரும் செம்பு செம்மறிகளுக்கு நஞ்சாகும் என்பது அங்கே நன்கு தெரிந்த விஷயம். நம் எத்தனால் ஆலை டிடிஜிஎஸ்ஸில் அந்த அளவு செம்பு வருவதில்லை.

பன்றிக்கும் கோழிக்கும் டிடிஜிஎஸ் சேர்க்கும்போது டிசிபியைக் குறைக்கலாம், ஃபைட்டேஸ் பொடி சேர்ப்பவர்கள் இன்னும் குறைக்கலாம். ஆனால் பன்றித் தீவனத்தில் கால்சியத்தை அள்ளிப் போட்டால் ஃபைட்டேட்டோடு சேர்ந்து துத்தநாகத்தைக் கட்டிவிடும், தோல் தடித்துப் பொருக்குத் தட்டும்.

சினை மாட்டுக்கு வேறு கணக்கு

கன்று போடுவதற்கு முந்தைய மூன்று வாரங்களில் மேலே சொன்ன கால்சியக் கணக்கு பொருந்தாது. அந்த நேரத்தில் சுண்ணாம்புக்கல் தூளை நிறையக் கொடுத்தால், எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கும் வழக்கத்தை உடம்பு மறந்துவிடும். ஈன்றதும் திடீரென்று பாலுக்குக் கால்சியம் தேவைப்படும்போது கொடுக்க முடியாமல் மாடு படுத்துவிடும். அதனால் தூளை நிறுத்துங்கள். பாஸ்பரஸ் நாளுக்கு 80 கிராமைத் தாண்டினாலும், மாடு இப்படிப் படுத்துவிடுகிற பால் காய்ச்சல் வரும் வாய்ப்பு கூடும். தவிட்டையும் பீர் வேஸ்டையும் பாதியாக்குங்கள், தாதுக் கலவை மட்டும் தொடரட்டும்.

ஈன்ற நாளிலிருந்து சுண்ணாம்புக்கல் தூளை மறுபடி தொடங்கலாம். முன்னால் ஒரு முறை படுத்த மாடு என்றால், ஈன்றதும் கொடுக்க வேண்டிய கால்சியம் ஜெல் பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் பேசி வாங்கி வைத்துவிடுங்கள். காது சில்லிட்டு, கழுத்தை விலாப் பக்கம் மடக்கிப் படுத்தால் ஜெல்லுக்கெல்லாம் நேரமில்லை, நரம்பில் கால்சியம் ஏற்ற வேண்டும்.

பழக்குவதும், மறுபடி கணக்குப் போடுவதும்

எந்தச் சக்கையானாலும் பத்துப் பதினைந்து நாளில் படிப்படியாகக் கூட்டுங்கள். பெரிய பசுவுக்குப் பீர் வேஸ்ட் 10 கிலோ, அதிகபட்சம் 15. 10 லிட்டர் கறவைக்கு டிடிஜிஎஸ் ஒன்றரை கிலோவில் நிறுத்துவது என் அபிப்பிராயம், கந்தக அறிக்கை கையில் இருந்தால் இரண்டு வரை போகலாம். பீர் வேஸ்ட் நம் பக்கத்துக் கோடையில் இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். டிரம்மில் அழுத்தி அடைத்து, மேலே பாலிதீன் விரித்துக் காற்றில்லாமல் கட்டுங்கள். மேலே பச்சை, கறுப்புப் பூஞ்சை படர்ந்தால் அந்த அடுக்கைச் சுரண்டிவிட்டுக் கீழே உள்ளதைப் போடலாம் என்று நினைக்காதீர்கள், பூஞ்சை நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் கீழேயும் இறங்கியிருக்கும். எருக்குழிக்குப் போகட்டும்.

வியாபாரி ஆலையை மாற்றினால், மக்காச்சோளச் சரக்கு அரிசிச் சரக்காக மாறினால், வைக்கோல் தீர்ந்து பச்சைப்புல் மட்டும் ஆனால், கிணறு மாறினால், கறவை ஐந்து லிட்டருக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ கணக்கை மறுபடி போடுங்கள். மூட்டை வந்த தேதி, ஆலை, நிறம், உலர் எடை, போட்ட அளவு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி மாட்டுக் கொட்டகைச் சுவரிலேயே கட்டித் தொங்கவிட்டால், அவசரத்தில் வரும் டாக்டருக்கும் அதுதான் முதல் தகவல்.